பகிடி முற்றுகிற விதம்

நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரைப் பாத்திரமாக வைக்கிறோம் என்று எடுங்கள். மூன்று பெண்பிள்ளைகள், ஒரு ஓய்வூதியம், ஆள் கஞ்சன். மூன்றாம் பகுதியில், வந்த விருந்தாளிக்கு ஏற்கெனவே வடித்த தேயிலைக்கே இன்னொருதரம் சுடுதண்ணி விட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறார். சனம் சிரிக்கிறது, அப்படி ஒரு பெரியப்பா எல்லா வீட்டிலும் உண்டு. பதினைந்தாம் பகுதியில் அந்தச் சக்கையைச் சுளகில் பரப்பி முற்றத்தில் காயவிடுகிறார். இதுவும் நல்ல பகிடிதான். நாற்பதாம் பகுதியில் காய்ந்த சக்கையை வங்கி லொக்கரில் வைக்கப் போகிறார். எண்பதாம் பகுதியில் அந்தச் சக்கையைக் களவெடுக்க ஒரு கும்பல் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறது.

இதில் எந்தப் படி பிழை என்று கேட்டால் ஒருவராலும் விரல் வைக்க முடியாது. ஒவ்வொரு படியும் முந்தின படியிலிருந்து ஒரு சாண்தான் உயரம். எழுதுகிற மேசையில் எல்லாரும் சிரித்துத்தான் ஒப்புக்கொண்டிருப்பார்கள். நடந்தது வேறொன்று. மூன்றாம் பகுதியில் அவர் கஞ்சனாக இருந்ததற்குக் காரணம் அந்த மூன்று பெண்பிள்ளைகள். சீதனக் காசு சேர்க்கிற மனுசன். பதினைந்தாம் பகுதிக்கு வரும்போது மூத்தவளாக நடித்த பிள்ளை கனடா போய்விட்டாள், மற்ற இரண்டு பேருக்கும் கம்பஸ் சோதனை. பிள்ளைகள் இல்லாமலே படம்பிடித்தார்கள். காரணம் கழன்று விழுந்தது, குணம் மட்டும் மிஞ்சியது. காரணம் இருக்கிற குணத்துக்கு ஒரு எல்லை உண்டு. பிள்ளையின் கல்யாணத்தன்று அவர் கை தாராளமாகத்தான் வேண்டும். காரணம் கழன்ற குணத்தை ஊதிக்கொண்டே போகலாம்.

நீண்ட தொடர்கள் விசர்த்தனமாகிப் போவதைப் பார்க்கிறவர்கள் வழமையாகச் சொல்வது, “எழுதுறவைக்குச் சரக்கு முடிஞ்சுது” என்று. பாதி உண்மை. சரக்குக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முடியாமல் இருந்தால்தான் புதினம். கிழமையில் ஆறு நாள் ஓடுகிற தமிழ்த் தொலைக்காட்சித் தொடருக்கு வருடத்தில் 312 பகுதி வேண்டும். அரைமணி நேரத்தில் விளம்பரம் கழித்து 22 நிமிடம் என்று வைத்தால் ஏறக்குறைய 114 மணித்தியாலம். இரண்டரை மணிநேரப் படம் 45 எடுப்பதற்குச் சமன். ஒரே குடும்பம், ஒரே வீடு, ஒரே மாமியாரை வைத்து வருடத்துக்கு 45 படம்!

அதனால் முதலில் வருவது இழுவை, விசர்த்தனம் பிறகுதான். ஒரு அதிர்ச்சிச் செய்தி சொல்லப்பட்டால் கூடத்தில் நிற்கிற எட்டுப் பேருக்கும் ஆளுக்கு நாலு செக்கன் முகம் காட்டினால் 32 செக்கன். அதையே கறுப்பு வெள்ளையில் ஒருதரம், மெதுவாக ஒருதரம் என்று மூன்றுமுறை காட்டினால் 96 செக்கன். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஒரு வசனமும் எழுதாமல் ஓடிவிடும். கைவசம் இருக்கிற பகுதிகளின் எண்ணிக்கை குறையக் குறைய இந்த முகங்கள் கூடும். இழுவைக்கும் ஒரு எல்லை வந்த பிறகுதான் சம்பவம் தேவைப்படுகிறது: நினைவு மறத்தல், உருவ ஒற்றுமை, செத்தவர் திரும்பி வருதல், அதற்குப் பிறகு பாம்பு. ஹிந்தியில் ‘சசுரால் சிமர் கா’ 2011 இல் இரண்டு சகோதரிகளின் புகுந்த வீட்டுக் கதையாகத்தான் தொடங்கியது. 2016 இல் கதாநாயகி ஈயாக மாறினாள். அதற்குப் பிறகும் 2018 வரை ஓடியது. ஈயைக் கண்டு சிரித்தவர்களும் இருந்து பார்த்தார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் சிக்கல்.

சின்ன யூடியூப் தொடர்களில் இதே நோய் வேறு வாசலால் வருகிறது. அங்கே சரக்குப் பஞ்சம் அவ்வளவு இல்லை. கிழமைக்கு ஒரு பத்து நிமிடம், நிமிடத்துக்கு 110 சொல் வரை என்று வைத்தால் ஆயிரத்து நூறு சொல். ஒரு ஆள் இரண்டு பின்னேரத்தில் எழுதலாம். அங்கே கெடுப்பது வரைபடம். பார்வையாளர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த இடத்தில் விட்டுப் போனார்கள் என்று யூடியூப் ஒரு கோடு கீறிக் காட்டும். திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட இடத்தில் கோடு மேலே எழும்பும். தபாலதிபர் சாரம் தடக்கி விழுகிற இடத்தில் கோடு கொம்பு மாதிரி நிற்கும். விழுமுன் அவர் இரண்டு நிமிடம் மரியாதையைப் பற்றி உபதேசம் செய்தாரே, அந்த இடத்தில் கோடு மெல்லச் சரிந்திருக்கும். கோட்டை நம்புகிறவர் அடுத்த முறை உபதேசத்தை வெட்டிவிட்டு விழுகையை மட்டும் வைப்பார். உபதேசம் இல்லாத விழுகைக்குப் பாதிச் சிரிப்புத்தான் கிடைக்கும். அந்தக் குறையை நிரப்ப இரண்டுதரம் விழுத்தவேண்டும், பிறகு கிணற்றுக்குள். கோடு பொய் சொல்லவில்லை; அது சிரிப்பு வெடித்த இடத்தைக் காட்டியது, வெடிமருந்து அடைத்த இடத்தைக் காட்டவில்லை.

நடிகரும் ஒரு கை. ஒரு இழுப்புக்குச் சனம் சிரித்தது என்று தெரிந்தால் அடுத்த முறை அந்த இழுப்பு ஒரு மாத்திரை நீளும். அவரைக் குறை சொல்லவும் முடியாது, சந்தியில் காண்கிற சனம் அதைத்தான் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கும். ஆனால் அதைவிட மோசமானது, கவனிக்கப்படாமலே நடப்பது: புதிதாக வந்து சேர்கிற எழுத்தாளர் எதைப் படித்துத் தொடரைப் பழகுகிறார் என்பது. ஐம்பதாம் பகுதிக்கு வந்தவர் நாற்பதிலிருந்து ஐம்பது வரை பார்த்துவிட்டு எழுதத் தொடங்குவார். அவருக்குத் தபாலதிபர் என்றால் லொக்கர்க்காரன். போட்டோக்கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்தால் எழுத்துத் தடிக்கும், நடுவில் இருந்த நுணுக்கம் போய்விடும்.

இலங்கை வானொலியில் எழுபதுகளில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ இந்த இடத்தில் பாடமாக எடுக்கத் தகுந்தது. எஸ். ராம்தாஸ் எழுதியது, 1976 இல் படமாகவும் வந்தது. நாலு பேர், நாலு பேச்சு: மரிக்காரின் முஸ்லிம் தமிழ், உபாலியின் சிங்களம் கலந்த தமிழ், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ், ஐயரின் பிராமணத் தமிழ். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பகிடி, பத்து நிமிடத்தில் சலிக்கும். ஒருவர் சொன்னதை மற்றவர் வேறொன்றாக விளங்கிக்கொள்கிற இடத்தில்தான் சிரிப்பு. நாலு பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு சோடி வரும், ஒவ்வொரு சோடிக்கும் வேறு வேறு பிசகு. ஒரு ஆளின் குணத்தை ஊதவேண்டிய தேவை அதனால் குறைகிறது. தபாலதிபரைக் ‘கஞ்சன்’ என்று எழுதி வைப்பதைவிட, ‘மச்சானுக்கு முன்னால் மட்டும் கஞ்சத்தனத்தை மறைக்கிறவர்’ என்று எழுதி வைத்தால் அவர் பல மாதம் தாங்குவார்.

கணினி விளையாட்டுகளுக்கு வருவோம். அங்கே விசர்த்தனத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ 2007 ஒக்டோபரில் வந்தபோது ஒன்பது பாத்திரங்களையும் தூரத்தில் நிழலைப் பார்த்தே இன்னார் என்று பிடிக்கக்கூடிய மாதிரி வடிவமைத்திருந்தார்கள். யார் வருகிறான் என்று அரைச் செக்கனில் தெரிந்தால்தான் சுடுவதா ஓடுவதா என்று முடிவெடுக்கலாம். 2009 இல் தொப்பிகள் வந்தன. 2010 இல் விளையாட்டுக்குள்ளேயே கடை திறந்தது. 2011 ஜூனில் விளையாட்டை இலவசமாக்கினார்கள், அதன்பின் வருமானம் கடையிலிருந்து. தொப்பி மேல் தொப்பி ஏற ஏற, உழைத்து வரைந்த அந்த நிழல் மங்கிப் போனது. ‘ஃபோர்ட்நைட்’ 2017 இல் வந்தது. 2019 இல் அதில் ஒரு ஆள் வாழைப்பழமாகத் துவக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். இங்கே பெடியள் தொலைபேசியில் விளையாடுகிற பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் இதே கதைதான். இராணுவச் சீருடையை ஒருதரம்தான் விற்கலாம், அடுத்த மாதம் விற்க வேறொன்று வேண்டும். முன்னதைவிடக் கண்ணில் குத்தாத உடுப்பை ஒருவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் செத்த வீட்டில் விடியவிடிய விளையாடுகிற 304 என்ற சீட்டு விளையாட்டு நிற்கிறது. ஒரு சாதியில் வீறு (ஜாக்) 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76, நாலு சாதிக்கும் 304. விளையாட்டின் பெயரே அதன் மொத்தக் கணக்கு. புதிதாக ஒரு சீட்டைச் செருகினால் பெயரையும் மாற்றவேண்டும். அதனால் விசர்த்தனம் எல்லாம் சீட்டுக்கு வெளியே, நக்கலிலும் தோற்றவர்களைப் படுத்துகிற பாட்டிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே ஒரு புள்ளி மாறவில்லை.

வல்வெட்டித்துறையின் தைப்பொங்கல் பட்டப் போட்டி இன்னொரு விதம். கொக்கு, பிராந்து, படலம், எட்டுமூலை என்று இருந்த இடத்தில் இன்றைக்குக் கப்பல் பறக்கிறது, விமானம் பறக்கிறது, அசைகிற உறுப்புகளோடு முப்பரிமாண உருவங்கள் பறக்கின்றன. வருடாவருடம் விசர் கூடிக்கொண்டுதான் போகிறது. ஆனால் அங்கே ஒரு நடுவர் இருக்கிறார், அவரோடு கதைத்துப் பேச முடியாது. ஒரு பக்கம் பாரம் கூடினால் சுழன்று குத்தும். பட்டத்தில் நூல் கட்டுகிற முச்சை ஒரு விரல் இடம் மாறினால் எழும்பாது. ஆகவே ஒவ்வொரு வருடப் பைத்தியக்காரத்தனத்துக்கும் அடியில் அதே அளவு கணக்கு நடக்கவேண்டியிருக்கிறது. காத்தவராயன் கூத்திலும் பபூன் எவ்வளவு அலட்டினாலும் விடியுமுன் காத்தான் கழுமரம் ஏறியாகவேண்டும். பிற்பாட்டுக்காரர் அடுத்த மெட்டை எடுத்தால் பபூன் விலகத்தான் வேண்டும். தொடர் எழுதுகிறவர்களுக்கு அந்தக் காற்றும் இல்லை, அந்த விடியலும் இல்லை. தாங்களே செய்து வைத்தால்தான் உண்டு.

செய்து வைப்பது ஒரு கொப்பி. பாத்திரத்துக்கு ஒரு பக்கம். ஆளுக்கு என்ன வேண்டும், யாருக்குப் பயம், கடைசியாக எந்தப் பகுதியில் தன் வழக்கமான வசனத்தைச் சொன்னார், இவை மூன்றும் எல்லாரும் எழுதுவார்கள். உண்மையில் உதவுவது நாலாவது: என்ன வந்தாலும் அவர் செய்யமாட்டாதது எது. ‘கஞ்சன், ஆனால் கடன் வாங்கமாட்டார், களவெடுக்கமாட்டார், கோயிலுக்குக் கொடுக்கிறதில் பிடிக்கமாட்டார்.’ இந்த வரி இருந்தால் லொக்கர் வரை போகாது. வழக்கமான வசனம் ஒரு பகுதிக்கு ஒருதரம், ஒவ்வொரு நாலாவது பகுதியிலும் அவர் அதைச் சொல்லவே கூடாது. அந்தப் பகுதியில் அதை வேறொருவர் வாயில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பகிடியை ஐந்து படிக்கு எழுதி, மூன்றாம் படியோடு படப்பிடிப்பை நிறுத்துவது நல்லது. நாலும் ஐந்தும் எழுதுகிறவர்களின் சிரிப்புக்கு. புதிதாக வருகிறவருக்கு முதல் பத்துப் பகுதிகளின் எழுத்துப் பிரதி கொடுக்கவேண்டும், கடைசிப் பத்தை அல்ல.

முற்றிப்போன பிறகு திருத்துவதுதான் கடினம். பலரும் செய்கிற பிழை, ஒரே பாய்ச்சலில் பாரமான கதைக்குப் போவது. அறுபது பகுதி கும்மாளத்துக்குப் பிறகு ஒரு சாவு வைத்தால், பார்க்கிறவர்கள் பிரேதம் எழும்பி இருக்கும் என்று கடைசிவரை காத்திருப்பார்கள். மூன்று நாலு பகுதியாக இறக்கவேண்டும். முதலில் பொருட்களைச் சிறிதாக்குவது: லொக்கர் போய் மறுபடி சுளகு. அடுத்தது, பகிடி விடாத ஒரு ஆளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து இருத்துவது. அவர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலே மற்றவர்களின் குரல் இறங்கும். மூன்றாவது, இந்தக் கிழமை உடைந்த கதிரை அடுத்த கிழமையும் உடைந்தபடி இருப்பது. முற்றின தொடர்களில் எல்லாம் அடுத்த பகுதியில் தானாகச் சுகமாகியிருக்கும்; கிணற்றுக்குள் விழுந்தவருக்குத் தடிமன்கூட வராது. விளைவு திரும்பி வந்தால் காரணமும் பின்னால் வரும்.

இறக்காமல் விட்டாலும் தொடர் உடனே செத்துவிடாது. அமெரிக்காவில் ‘ஹாப்பி டேஸ்’ 1974 இல் தொடங்கியது. 1977 இல் அதன் தோல்சட்டைக் கதாநாயகன் நீர்ச்சறுக்கில் சுறாவைத் தாண்டினான். தொடர்கள் தறிகெட்டுப்போகிற கணத்துக்கு ஆங்கிலத்தில் அந்தச் சுறாவின் பெயர்தான் இன்றைக்கும். ஆனால் அது 1984 வரை ஓடியது, தாண்டின பிறகு ஏழு வருடம்.

எண்பதாம் பகுதியில் பலாலியில் இறங்கின கும்பலை என்ன செய்யலாம்? வழி தவறிக் கீரிமலைப் பக்கம் போய் அங்கேயே நிற்கட்டும், தேடத் தேவையில்லை. கனடா போன மூத்தவளின் குரல் தொலைபேசியில் கேட்டால் போதும், ஆள் வரவேண்டியதில்லை. சோதனை முடிந்து நடுவிலாள் வீட்டில் நிற்கிறாள். பெண் பார்க்க வருகிறார்கள். தபாலதிபர் குசினிக்குள் போய், பழைய சக்கைப் பேணியை ஒதுக்கி வைத்துவிட்டு, புதுத் தேயிலைப் பக்கெற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்.