ஸ்லாப்புக்குள் மாறிப்போன 1889 கார்சன் சிட்டி டாலர்

ஸ்லாப் (காசின் தரத்தை, அதாவது கிரேடை, மதிப்பிடும் கிரேடிங் நிறுவனம் காசை அடைத்து ஒட்டித் தரும் பிளாஸ்டிக் உறை) அசல், லேபிள் அசல், சான்றிதழ் எண்ணும் அசல், உள்ளே இருந்த காசு மட்டும் வேறு. இப்படி ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்வது என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு மார்கன் என்ற பழைய அமெரிக்க வெள்ளி டாலர்கள் சேர்க்கிறேன். 1889-இல் நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தவை 3,50,000 மட்டும்தான், அதே ஆண்டு பிலடெல்பியாவில் 2 கோடிக்கும் மேல். பின்பக்கம் கழுகுக்குக் கீழே 'சிசி' (CC) என்ற, கார்சன் சிட்டியைக் குறிக்கும் இரண்டு சின்ன எழுத்துகள் இருந்தால் சில ஆயிரம் டாலர், இல்லாவிட்டால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஏமாற்றுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏல இணையதளம் ஒன்றில் வாங்கினேன். வந்ததும் சான்றிதழ் எண்ணைக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டேன். ஆண்டு, கிரேடு எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அங்கே இருந்த படத்தில் சுதந்திர தேவியின் கன்னத்தில் சாய்வாக ஒரு கீறல் தெளிவாகத் தெரிகிறது, என் கையில் இருந்த காசில் அது இல்லை. காசில் புதுக் கீறல் விழலாம், இருந்த கீறல் எப்படி மறையும்? அப்புறம் ஸ்லாப்பை விளக்கடியில் சாய்த்து, விளிம்பு முழுக்க லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு பிளாஸ்டிக் பாதிகளையும் மீயொலியில் உருக்கித்தான் ஒட்டுவார்கள், பசை போட மாட்டார்கள். இதில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் வெளுத்து, மூலையில் பசை மெலிதாக வழிந்திருந்தது. 'சிசி' எழுத்துகளைச் சுற்றியும் ஒட்டவைத்த தடம் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் ஸ்லாப்பை உடைக்காதீர்கள். எடை பார்க்கக்கூட உடைக்க வேண்டாம், ஏனென்றால் மாட்டியிருப்பது அசல் பிலடெல்பியா டாலராக இருந்தால் எடை அதே 26.73 கிராம்தான் காட்டும். உடைத்துவிட்டால் விற்றவர் "நீதான் மாற்றினாய்" என்பார், நம்மிடம் பதில் இருக்காது. பி.சி.ஜி.எஸ். என்ற கிரேடிங் நிறுவனம் 2020-இல் ஸ்லாப்பில் கொண்டுவந்த சிப்பையும் இதற்கு நம்ப முடியாது, சிப் ஸ்லாப்பைத்தான் அடையாளம் காட்டும், உள்ளே இருக்கும் காசை அல்ல.

விற்றவரைக் கேட்டதும் "நான் வாங்கியபடியே விற்றேன்" என்று முடித்துவிட்டார். ஏலத் தளமோ மூன்றாவது ஆள் ஒருவர் எழுத்தில் தரும் உறுதி வேண்டும் என்றது. சரி என்று காப்பீடு போட்டு, பதிவுத் தபாலில் ஸ்லாப்பை அப்படியே கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினேன். காத்திருப்புதான் கொடுமை. கடைசியில் பதில் வந்தது: ஸ்லாப் திறக்கப்பட்டிருக்கிறது, உள்ளே இருப்பது நாங்கள் கிரேடு செய்த காசு அல்ல. அவர்கள் உத்தரவாதத்தில் பணம் கிடைக்காது, திறந்த ஸ்லாப்புக்கு அது செல்லாது என்று விதியிலேயே இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடிதம்.

கடிதத்தோடு, நிறுவனத்தின் படத்தையும் என் கைக்கு வந்த காசின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். அவர்கள் ஆவணத்தைப் பார்த்தார்கள், விற்றவரிடம் விளக்கம் கேட்டார்கள், முழுப் பணமும் திரும்ப வந்தது. அந்தச் சான்றிதழ் எண்ணை யார் தேடினாலும் எச்சரிக்கை தெரியும்படி செய்யச் சொல்லி நிறுவனத்துக்குத் தனியாக எழுதினேன், அதையும் செய்துவிட்டார்கள். அந்த அசல் கார்சன் சிட்டி டாலர் இப்போது எந்த ஸ்லாப்பில், யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.