"மேல அனுப்பியாச்சு, வரும்": அண்ணாவின் கொடுப்பனவைத் தேடி அலைந்த கதை

நேற்றுப் பின்னேரம் அண்ணாவின் கணக்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான இலங்கை அரசின் மாதக் கொடுப்பனவு 10,000 ரூபா விழுந்தது. விண்ணப்பம் கொடுத்துப் பதினொரு மாதம். இத்தனை நாளும் எனக்குக் கிடைத்த ஒரே மறுமொழி, "மேல அனுப்பியாச்சு, வரும்." அது மேலே போகவே இல்லை.

அண்ணாவுக்கு 2009இல் இடது கால் முழங்காலுக்கு மேலே போனது. விண்ணப்பிக்கிற வேலையில் கரைச்சல் இருக்கவில்லை. விதானையார் (கிராம உத்தியோகத்தர்) உறுதிப்படுத்தினார், அரச வைத்தியர் படிவத்தை நிரப்பினார், சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்தார். எல்லாவற்றையும் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். என் பெரிய பிழை அன்றைக்குத்தான் நடந்தது. கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுகூட வாங்கவில்லை. நீங்கள் அப்படி வராதேங்கோ. விண்ணப்பத்தின் கொப்பி ஒன்றில் திகதியும் கையெழுத்தும் போடச் சொல்லி வாங்குங்கோ.

விண்ணப்பித்து நாலாம் மாதம் விசாரிக்கப் போனேன். அண்ணாவின் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் அடித்துப் பார்த்தார் கிளார்க்.

"இந்த நம்பரில ஒண்டும் இல்லை தங்கச்சி. விதானையாரிட்டக் கேளுங்கோ."

விதானையார் தன் பதிவேட்டை விரித்துக் காட்டினார். அனுப்பிய திகதி வடிவாக இருந்தது. திரும்ப ஒஃபிஸ். "அப்ப மேல போயிருக்கும், வரும்." இப்படியே மூன்று தடவை.

ஏழாம் மாதம் வேறொருவர், "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நேரில பாக்கவேணும்" என்றார். அந்தப் பிரிவு மேல்மாடியில். ஓட்டோவுக்குக் காசு கொடுத்து அண்ணாவைக் கூட்டிப்போனேன். பதினெட்டுப் படி. வெயிலுக்குள் பொய்க்கால் உரசிப் புண்பட்டிருந்ததால் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினார். மேலே போனால் உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போய்விட்டாராம், நாளைக்கு வரட்டாம். அண்ணா ஒன்றும் பேசவில்லை. கதிரையில் இருந்து காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உறையில் ரத்தம் பட்டிருந்தது. பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டே ஒழுங்குவிதி வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் பைல்கள் இருக்கிற மேசையை மட்டும் ஏன் மாடியில் போட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான். உங்களையும் ஆளைக் கூட்டி வரச் சொன்னால், முதலில் தொலைபேசியில் எடுத்து, பார்க்கவேண்டிய உத்தியோகத்தர் அன்றைக்கு இருப்பாரா என்று கேளுங்கோ. கீழே இறங்கி வந்து பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். எனக்கு அன்றைக்கு அந்த யோசனை வரவில்லை.

பக்கத்து வீட்டு ரீச்சர்தான் வழி சொன்னார். "ஆர்.டி.ஐ போடு பிள்ளை." அதாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்டு விண்ணப்பிப்பது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். அடுத்த நாளே போய், சத்தம் போடாமல், "தகவல் அலுவலர் ஆர்? ஆர்.டி.ஐ ஒண்டு படிவம் தாங்கோ" என்று மட்டும் கேட்டேன்.

படிவம் வருவதற்குள் ஒரு மிஸ் எழும்பி வந்து, "என்ன பிரச்சினை, நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றார். அண்ணாவின் அட்டை பழையது, ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ (V) எழுத்தும். அந்த மிஸ் அதைக் கடதாசியில் எழுதி, முன்னால் 19 போட்டார், பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு சைபர் செருகினார், வீயை வெட்டினார். பன்னிரண்டு இலக்கம். அதை அடித்ததும் அண்ணாவின் பெயர் திரையில் வந்துவிட்டது! இவ்வளவு நாளும் பழைய இலக்கத்தை அடித்து அடித்துத்தான் "இல்லை" என்றிருக்கிறார்கள்.

பெயருக்கு நேரே வங்கிக் கணக்கு இலக்கம் வெறுமையாக இருந்தது. பைலை எடுத்துவரச் சொன்னேன். வங்கிப் புத்தகத்தின் கொப்பி கடைசித் தாளுக்குப் பின்னால் குத்தியபடியே இருந்தது, குத்தூசி துருப்பிடித்து மண்ணிறக் கறை வேறு. ஒருவரும் பதியவில்லை, அவ்வளவுதான். அந்த மிஸ் என் கண்ணுக்கு முன்னாலேயே பதிந்தார். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து, புத்தகத்தோடு சரிபார்த்த பிறகுதான் நகர்ந்தேன். நல்ல மனுசி. முதல் நாளே அவரிடம் போயிருந்தால் அண்ணா அந்தப் படி ஏறியிருக்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய அட்டைக்காரர் இருந்தால், இரண்டு விதமாகவும் இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கோ. ஒன்றில் இல்லை என்றால் மற்றதை அடிக்கச் சொல்லுங்கோ. "வரும்" என்றால், எந்தத் திகதி, எந்தக் கடித இலக்கத்தில் அனுப்பினது என்று கேளுங்கோ. அனுப்பியிருந்தால் சொல்ல முடியும்.

இந்த மாதக் காசு வந்துவிட்டது. கணக்கு இலக்கம் பதியாமல் கிடந்த மாதங்களுக்கு உரியது வருமா, வராதா? அதையும் வாயால் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்ட படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன், அத்தாட்சித் துண்டு அண்ணாவின் வங்கிப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இன்றைக்கு ஆறாவது வேலை நாள்.