மணப்பாட்டில் ஒரு மறுநாள்

நண்பன் கிறிஸ்துமஸ் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தான். லீவு கிடைக்கவில்லை, 26-ஆம் தேதி காலையில்தான் திருச்செந்தூரில் இறங்க முடிந்தது. குலசேகரன்பட்டினம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, வழியெல்லாம் பனைமரம், செம்மண், நடுநடுவே மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். கொஞ்ச நேரத்தில் தூரத்து மணல்மேட்டு உச்சியில் திருச்சிலுவை ஆலயம் வெள்ளையாகத் தெரிந்தது. மணப்பாடு.

தெருவுக்குள் நுழைந்ததும், ஒரு நாள் தவறிப்போனதில் இருந்த வருத்தம் போய்விட்டது. எல்லா வாசலிலும் நட்சத்திரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, சிலர் பகலிலும் உள்ளே விளக்கை அணைக்கவில்லை. மண்ணில் நேற்றைய வெடிக் காகிதம். புதுச்சட்டை மடிப்பு கலையாத பிள்ளைகள் தெருவிலேயே கிரிக்கெட். வெளியூரிலிருந்து வந்த மகள்கள், மருமகன்கள் யாரும் இன்னும் கிளம்பவில்லை, திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

நண்பனின் ஆச்சி என்னைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: "நேத்து வந்திருந்தா ஒங்கிட்ட ஒரு வார்த்த பேச நேரம் இருந்திருக்காதுய்யா. பூசை, சமையல், வாரவுக போறவுகன்னு ஓடிப்போச்சு. எங்களுக்கு இன்னைக்குத்தான் கிறிஸ்மஸ்."

அப்புறம் தட்டில் முந்திரிக்கொத்து வந்தது. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் தேங்காயோடு சேர்த்து உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரித்தது. சுட்டு மூன்று நாள் ஆகியிருந்ததால் மேல்தோல் கடிக்கக் கொஞ்சம் வலுவாக இருந்தது, ஆனால் உள்ளே பாகு நன்றாக ஊறி இறங்கியிருந்தது. சூட்டோடு தின்பதைவிட இதுதான் ருசி என்று நான் அடித்துச் சொல்வேன்.

காலைப் பூசையில் சாமியார் சிவப்பு உடையில் வந்தாராம். டிசம்பர் 26, கிறிஸ்துவுக்காக முதன்முதலில் உயிர்விட்ட வேதசாட்சியான ஸ்தேவானின் திருநாள். அவரைத் தமிழில் முடியப்பர் என்பார்கள், கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு முடி, கிரீடம் என்று பொருள். இந்தக் கரையில் முடியப்பன் என்று பெயர் வைத்தவர்கள் உண்டு, காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பூசையில் 2004 சுனாமியில் போனவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டார்கள் என்று ஆச்சி சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பண்டிகைக்கு மறுநாள் என்றால் இந்தக் கடற்கரை முழுவதற்கும் அந்த நினைப்பும் கூடவே வருகிறது.

வீட்டுக் குடிலைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சாக்கைப் பசையில் நனைத்துக் காயவைத்த மலை, முன்கூட்டியே கேழ்வரகு விதைத்து விரல் நீளம் வளர்ந்த புல், கண்ணாடித் துண்டில் ஒரு குளம். குழந்தை இயேசு வந்தாயிற்று. குழந்தையைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களை மட்டும் காணோம். நண்பனின் அக்கா மகன் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினான், வராந்தாவின் மறுகோடியில், தையல் மெஷின் அடியில், ஒட்டகத்தோடு நின்றார்கள். "இப்பத்தான் கெளம்பிருக்காங்க மாமா, ஜனவரி 6-தான் வந்து சேருவாங்க." தினமும் ஒரு சாண் அவன்தான் நகர்த்துகிறான். அன்றைய சாணை அளக்க என்னையும் விட்டான்.

சாயங்காலம் மேட்டின் மேல் ஏறினோம். 1542-இல் மறைபரப்ப வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் தங்கிய குகை மேட்டின் கடல் பக்கம் இருக்கிறது. மேலே இருக்கும் ஆலயம் 1581-இல் எழும்பியது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் கருமேனியாறு வந்து தேங்கிய கழிமுகம், காற்று ஆளைத் தள்ளுகிறது. இருட்ட இருட்ட, கீழே நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை. எண்ணிப் பார்த்தேன், அறுபதுக்கு மேல் முடியவில்லை.

கிளம்பும்போது ஆச்சி ஒரு பனையோலைப் பெட்டி நிறைய முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வைத்து மூடிக் கொடுத்தார். ஊர்ப் பெண்கள் முடைந்தது, விளிம்பில் ஊதா ஓலை ஓடியது.

"பெட்டிய மூணு ராசாக்க திருநாளுக்கு வந்து குடுத்துட்டுப் போ."

சரி ஆச்சி என்றேன். ஜனவரி 6-க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.