அது மீன்பிடிப் பூனை இல்லைங்க

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு அலையாத்திக் காட்டில் மீன்பிடிப் பூனை என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது நம்ம ஊர்க் காட்டுப்பூனை. நெட்டைக் கால், புள்ளியில்லாத மண்நிற உடம்பு, காது நுனியில் கொஞ்சம் மயிர். கண்மாய்க் கரையிலும் சீமைக்கருவேலப் புதரிலும் எலி பிடித்துத் திரிகிறதே, சமயத்தில் கோழியையும் தூக்குகிறதே, அதேதான்.

மீன்பிடிப் பூனை ஆளே வேறு. குட்டைக் கால், குட்டை வால், பயில்வான் மாதிரி உடம்பு, சாம்பல் பூத்த தோலில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளி. கடுவன் 10 கிலோவைத் தாண்டும். விரல்களுக்கு நடுவே பாதிச் சவ்வு உண்டு, நகத்தை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது, ரோமத்துக்கு அடியில் இன்னொரு அடர்ந்த ரோமம் இருப்பதால் எவ்வளவு நனைந்தாலும் தண்ணீர் தோலைத் தொடாது. ராத்திரியில் தனியாக வந்து தண்ணீர் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மீன் மேலே வந்தால் முன்னங்காலால் வாரி எடுக்கும், இல்லையென்றால் அப்படியே தலைகுப்புறப் பாயும். தண்ணீருக்கு அடியிலேயே நீந்திப் போய்ப் பிடிக்கிற பூனை இது. மீன் கிடைக்காத நாளில் நண்டு, எலி, பாம்பு, நீர்ப்பறவை என்று எதையும் விடாது. குட்டி போடுவது நாணல் புதருக்குள். பெரும்பாலும் ரெண்டு, மூன்று.

நம் மாவட்டத்தில் இதற்கு உறுதியான பதிவு கிடையாது. அது இருப்பது வடக்கே ஆந்திராவின் கோரிங்கா அலையாத்திக் காடு, ஒடிசாவின் சிலிகா ஏரி, அப்புறம் சுந்தரவனம். கிழக்கே இலங்கை. வேடிக்கை என்னவென்றால், தனுஷ்கோடியிலிருந்து 30 கிலோமீட்டர் வாக்கில்தான் தலைமன்னார், அந்தத் தீவில் கொழும்பு நகரத்துச் சதுப்புகளுக்குள்ளேயே இந்தப் பூனை வாழ்கிறது, பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியிருந்தபோது ரெண்டு கரையும் ஒரே நிலமாகவும் இருந்திருக்கிறது, ஆனால் இந்தப் பக்கம் அது இல்லை. என் கணக்கு, தண்ணீர்தான் காரணம். வருஷம் பூராவும் தண்ணீரும் மீனும் நாணலும் வேண்டிய பிராணிக்கு, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற நம் கண்மாயில் என்ன வேலை?

உயிரினங்களின் ஆபத்து நிலையைப் பட்டியலிடும் பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன் (IUCN) 2016 வரை இதை ‘அருகிவரும் இனம்’ என்று வைத்திருந்தது. பிறகு ஆபத்தில் ஒரு படி இறக்கி, ‘அழிவாய்ப்பு உள்ள இனம்’ என்று மாற்றியது. பூனை பெருகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது. வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில்தான் இதுவும் இருக்கிறது. மேற்கு வங்கத்துக்கு மாநில விலங்கே இதுதான். இவ்வளவு மரியாதை இருந்தும் பிழைக்க முடியவில்லை, ஏனென்றால் நிறைய இடங்களில் இது வாழ்வது சரணாலயத்துக்கு வெளியே. நாணல் காடு, உவர் சதுப்பு, ஊர்க் குளத்து ஓரம். நம்மாட்கள் கண்ணுக்கு அது காடே இல்லை, சும்மா கிடக்கிற தரிசு. மண்ணடித்து வீடு கட்டலாம், இல்லாவிட்டால் இறால் பண்ணை போடலாம். இறால் பண்ணையைப் பற்றி நம்ம கடற்கரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை மூடச் சொன்னது, 2005-இல் தனிச் சட்டம் வந்து பதிவு செய்த பண்ணைகளுக்கு வழி விட்டது, குட்டைகள் வெட்டுவது நிற்கவே இல்லை. ஆந்திரக் கரையில் அந்தக் குட்டைகள் வந்த இடத்திலெல்லாம் பூனைக்குத்தான் இடம் போனது. வளர்ப்பு மீனைத் தின்கிறது என்று அடித்துக் கொல்வதும், ரோட்டில் அடிபடுவதும் தனிக் கணக்கு.

சிலிகாவில் எனக்குப் பிடித்தது அவர்கள் எண்ணிய விதம். 2022-இல் வந்த கணக்குப்படி அங்கே 176 பூனைகள். தானியங்கிக் கேமரா வைத்து எண்ணிய அந்த வேலையில் உள்ளூர் மீனவர்களும் சேர்ந்திருந்தார்கள். காரங்காட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்களும் மீனவர்கள்தானே, எந்த ஓடையில் எது தண்ணீர் குடிக்க வரும் என்று அவர்களுக்குத் தெரியாததா? இங்கே கேமரா வைத்தால் சிக்குவது காட்டுப்பூனையும் நரியுமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், நம்மிடம் இருப்பதை முதலில் எண்ணுவோம்.