பனாமாவில் ஐந்து ஹெக்டேர் தேக்கும் ஒரு குடியிருப்பு அட்டையும்

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் தேக்கு என்று வாயெடுத்தாலே பெரியவர்கள் இரண்டு விஷயம் பேசுவார்கள். ஒன்று, வீட்டு நிலைக்கதவுக்குச் செங்கோட்டை வரை போய்த் தடி பார்த்து எடுத்த பெருமை. இன்னொன்று, தொண்ணூறுகளில் "ஒரு மரத்துக்குப் பணம் கட்டுங்க, இருபது வருஷத்துல பிள்ளை கல்யாணச் செலவு வந்துரும்" என்று பத்திரம் கொடுத்து வசூல் பண்ணிவிட்டுக் காணாமல் போன கம்பெனிகள். அப்பாவும் அப்படி ஒன்றில் போட்டார். மர முத்திரை அச்சடித்த அந்தப் பத்திரம் இன்னும் பீரோவில்தான் கிடக்கிறது. இந்த மாதிரித் திட்டங்கள் கட்டுக்கடங்காமல் போய்த்தான் 1999இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது, ஆனால் அதற்குள் போன பணம் போனதுதான். ஆகவே, பனாமாவில் தேக்குத் தோட்டத்தில் பணம் போட்டு அந்த நாட்டில் குடியேறப் போகிறேன் என்று நான் போனில் சொன்னதும் அப்பா கேட்டது, "ஏல, உனக்கும் பத்திரம் குடுத்துட்டானுவளா?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் போனது மரத்தில் காசு பார்க்க இல்லை. மஸ்கட்டில் கணக்குப் பிரிவில் வேலை, நல்ல சம்பளம்தான், ஆனால் வேலை இருக்கும் வரைதான் விசா, முதலாளி கையெழுத்து நின்றால் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். வயசு நாற்பதைத் தாண்டிவிட்டால் கனடாக்காரன் புள்ளிக் கணக்கில் வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வருவான், ஆஸ்திரேலியாவில் திறன் விசாவுக்கு 45 வயதோடு கதவு சாத்தியாயிற்று. பனாமாவிலும் 'நட்பு நாடுகள்' என்று 2012இல் ஒரு சுலபமான வழி திறந்தார்கள், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. மிச்சம் இருந்ததில் என் கைக்கு எட்டியது காடு வளர்ப்பு முதலீடு.

அது என்ன திட்டம் என்றால், பனாமாவில் மாடு மேய்ப்பதற்காகக் காட்டை அழித்து ஏராளமான நிலம் வெறும் புல்லாகக் கிடந்தது. 1992இல் 24ஆம் எண் சட்டம் போட்டு, மரம் நடுகிறவர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள். அதோடு குடியிருப்பு உரிமையையும் சேர்த்தார்கள். நான் விண்ணப்பித்த காலத்தில் 80 ஆயிரம் டாலரும், குறைந்தது ஐந்து ஹெக்டேரும் கணக்கு, அதாவது நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. தோட்டம் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் காடு வளர்ப்புப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். முதலில் இரண்டு வருஷத் தற்காலிக அட்டை, அப்புறம் நிரந்தரம். தொகையெல்லாம் பிறகு கூட்டிவிட்டார்கள், அதனால் இப்போது யோசிக்கிறவர்கள் என் கணக்கை வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

பணம் கட்டும் முன்னால் நான் பேசியது வக்கீலிடம் இல்லை, தூத்துக்குடியில் மரம் இறக்குமதி செய்கிற ஓர் அண்ணாச்சியிடம். மியான்மர் 2014 ஏப்ரலோடு தடி ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து நம் ஆட்கள் பனாமா, கோஸ்டாரிக்கா, ஈக்வடார், கானா என்று எங்கெங்கிருந்தோ தேக்குத் தடியைக் கன்டெய்னரில் கொண்டுவந்து தூத்துக்குடியில் இறக்குகிறார்கள். பாளையங்கோட்டையில் புதுவீடு கட்டுகிறவர் "நாட்டுத் தேக்கு" என்று தடவித் தடவிப் பார்க்கிற கதவு பாதி நேரம் பசிபிக் கரையிலிருந்து வந்ததாக இருக்கும். அண்ணாச்சிக்கு அதெல்லாம் அத்துப்படி. அவர் சொன்னது: "மரம் எத்தனை நட்டிருக்கான்னு கேக்காதீரும் வே. எத்தனை தடவை கலைச்சிருக்கான்னு கேளும்."

விளக்கம் இதுதான். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 1,111 கன்று வரும். விற்பனைக் காகிதத்தில் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள், ஆனால் இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து வெட்டும்போது ஹெக்டேருக்கு இருநூறு மரம் நின்றாலே நல்ல தோட்டம். நடுவில் இரண்டு மூன்று தடவை நோஞ்சான் மரங்களை வெட்டிக் கலைத்தால்தான் மிச்சம் பருக்கும். கலைக்காமல் விட்டால் எல்லாம் ஒல்லியாக உயர்ந்து நிற்கும், தூரத்திலிருந்து போட்டோ எடுக்க அழகாக இருக்கும், அறுத்தால் உள்ளே வைரம் என்கிற முற்றிய நடுக்கட்டையே இருக்காது, வெள்ளை மட்டும்தான். அப்புறம் அளவு. நம் வியாபாரிகள் தடியின் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறார்கள். ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு. இதன்படி நிஜத்தில் நூறு கன அடி இருக்கிற உருளைத் தடி எழுபத்தெட்டரை என்றுதான் வரும். அதற்கு மேல் பட்டைக்குக் கழிவு, நீளத்தில் கழிவு. தோட்டம் விற்கிறவன் முழுக் கன மீட்டரில் லாபம் போட்டுக் காட்டுகிறான், வாங்கப் போகிற தூத்துக்குடிக்காரர் இந்தக் கணக்கில் அளக்கிறார். இந்த ஒரு வித்தியாசத்திலேயே காகிதத்தில் காட்டிய லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே 80 ஆயிரத்தையும் அட்டைக்குக் கட்டிய கட்டணம் என்று எழுதிவிடு, மரம் கொடுப்பது மேல்வரும்படி என்று நானும் என் மனைவியும் பேசி முடித்துக்கொண்டோம். அப்படி எழுத முடியாதவர் இதில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

தோட்டம் தாரியென் பக்கம். பனாமா நகரிலிருந்து கிழக்கே, செப்போ தாண்டி, பயானோ ஏரிப் பாலம் தாண்டி, எல்லைக் காவலர்களின் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டி, இன்னும் உள்ளே. அந்தப் பான் அமெரிக்க நெடுஞ்சாலை யாவிசா என்ற ஊரோடு முடிந்துவிடும், அதற்கப்பால் கொலம்பியா வரை ரோடே கிடையாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் வெயில் காலம், அப்போது தேக்கு இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும், காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். மழைக்காலத்தில் போனால் வண்டி சேற்றில் அச்சு வரை இறங்கிவிடும். காவலுக்கு இருந்தவர் கத்தியால் ஒரு மரத்தின் பட்டையைச் சீவி, ஓரமாகக் கொத்திக் காட்டினார், இரண்டு விரல்கடை வெள்ளை, அதற்குள் தேன் நிறத்தில் வைரம் ஆரம்பிக்கிறது. நான் ஒரு தளிர் இலையைப் பறித்து உள்ளங்கையில் கசக்கினேன், மருதாணி போட்ட மாதிரி சிவந்தது. பாபநாசம் மேலணைப் பக்கம் போகும்போதெல்லாம் பள்ளிக்கூட வயசில் செய்கிற வேலை. அவருக்குச் சிரிப்பு. இந்த மரம் அங்கே 1926இல் இலங்கையிலிருந்து போன விதையில் வந்தது என்று எனக்கு அப்புறம்தான் தெரியும், கால்வாய்க்குப் பக்கத்தில் சம்மிட் தோட்டத்தில் முதலில் நட்டிருக்கிறார்கள்.

எல்லா மண்ணிலும் அது வந்துவிடவில்லை. மாடு மிதித்து இறுகிப்போன களிமண்ணிலும் அமிலம் கூடிய புளித்த மண்ணிலும் தேக்கு முரண்டு பிடிக்கும். ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம் கால்வாய் நீர்ப்பிடிப்பில் நடத்துகிற அகுவா சலூத் திட்டத்திலேயே தேக்கு சரியாக வரவில்லை, இடையில் உள்நாட்டு மரங்களை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதனால் குழி தோண்டி மண் பார்க்காமல், தண்ணீர் தேங்குகிறதா என்று மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொன்று, வில்லங்கம். நம் ஊரில் காணி வாங்கினால் முதலில் வில்லங்கச் சான்று எடுப்போம் இல்லையா, அங்கே தேசியப் பதிவகத்தில் நிலத்துக்கு ஒரு பதிவு எண் இருக்கும், அதைப் போட்டால் யார் பெயர், என்ன அடமானம் எல்லாம் வந்துவிடும். ஆனால் பனாமாவில் நிறைய நிலம் அனுபவ பாத்தியதையில் மட்டும் கைமாறுகிறது, பட்டா கிடையாது. விலை குறைவாகச் சொன்னால் அனேகமாக அதுதான். தாரியெனில் எம்பெரா பழங்குடி மக்களின் சுயாட்சி நிலமும் உண்டு, அது விற்கவே கூடாதது. எனக்கு முதலில் காட்டிய ஓர் இடம் பட்டா இல்லாதது, விற்கிறவர் அதைக் கடைசி வரை வாயே திறக்கவில்லை, பதிவகத்தில் எண் கேட்ட பிறகுதான் பேச்சு மாறியது. அப்பாவிடம் பதிவு எண் போட்ட நகலை அனுப்பி வைத்தேன். அவர் எழுத்தெண்ணிப் படித்துவிட்டு, "சரி, இதுல ஆபீஸ் சீல் இருக்கு" என்றார்.

காகித வேலை தனிக் கதை. குடிவரவு அலுவலகத்தில் வக்கீல் இல்லாமல் எதுவும் கொடுக்க முடியாது. மஸ்கட் போலீஸ் சான்றிதழ் எனக்கு, மனைவி ஊரில் இருந்ததால் அவளுக்குத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில். எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை, அப்புறம் பனாமாவில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷ். ஒவ்வோர் ஆளுக்கும் 250 டாலருக்கு ஒரு செக் கருவூலத்துக்கு, 800 டாலருக்கு இன்னொரு செக் குடிவரவுத் துறைக்கு. இதெல்லாம் நடந்துவிடும். நடக்காதது பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, கல்யாணச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் முதலெழுத்து, மகன் பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுசாகக் குடும்பப் பெயராக. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. கவுன்டரில் இருந்த அம்மாள், பாவம், நல்லவர்தான், மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்து, நீங்கள் மூவரும் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நாலு தலைமுறை வம்சாவளியை ஆச்சி விரல் விட்டுச் சொல்வாள், ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எழுத ஒரு சொல் இல்லை. கடைசியில் இந்தியத் தூதரகத்தில் 'இவரும் அவரும் ஒருவரே' என்று சான்று வாங்கித்தான் தீர்ந்தது. ஊரிலிருந்து கிளம்பும் முன்னாலேயே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிவிடுங்கள், இந்த ஒரு வேலையில் மாசக்கணக்கில் மிச்சம்.

விண்ணப்பம் போட்டுவிட்டு நடுவில் ஊருக்கு வர வேண்டுமென்றால் 50 டாலர் கட்டிப் பல தடவை போய்வரும் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் திரும்பி வரும்போது 2,000 டாலர் அபராதம். ஆனித் தேருக்கு அவசரமாகக் கிளம்பி யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அட்டை வந்தாலும் வேலை தானாக வராது. தனியாக வேலை அனுமதி வேண்டும், அதிலும் வக்கீல், டாக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்று பல தொழில்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. என் தொழிலே அந்தப் பட்டியலில். இப்போது கொலோன் சுதந்திர வணிக வளாகத்தில் ஒரு சிந்தி வியாபாரியிடம் சரக்கு இறக்குமதி பார்க்கிறேன், கணக்கில் கையெழுத்துப் போடுவது வேறு ஆள். கொலோனிலும் பனாமா நகரிலும் சிந்திகளும் குஜராத்திகளும் தலைமுறைகளாக இருக்கிறார்கள், நகரத்தில் பெரிய கோயில் உண்டு, நவராத்திரிக்குக் கர்பா ஆடுவார்கள். தமிழ் பேசுகிற குடும்பங்கள் கைவிட்டு எண்ணலாம். கொலு வைத்தால் பார்க்க வருகிறவர்களுக்குப் பொம்மை ஏன் படியில் உட்கார்ந்திருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு கஷ்டமும் இல்லை என்பது ஆச்சரியம். தேங்காய், வாழை, மரவள்ளி, சேம்பு எல்லாம் தெருமுனையில். பச்சைத் துவரையை உரித்துப் பையில் போட்டு விற்பார்கள், அதைத் தேங்காய்ப் பாலில் அரிசியோடு வேகவைப்பது அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு. பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பிய தட்டை என் மனைவி ருசி பார்த்துவிட்டு மறுநாள் சொதி வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பாத்திரப் போக்குவரத்து நிற்கவில்லை. கறிவேப்பிலைதான் கடையில் கிடைக்காது, முதலாளி வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடி நிற்கிறது, அதனால் அவர் வீட்டு விசேஷம் எதையும் நாங்கள் தவறவிடுவதில்லை.

இப்போது அத்தான் ஒருவர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கேட்கிறார், நானும் போடட்டுமா என்று. என் பணம் மஸ்கட்டில் சம்பாதித்தது, நேரே போய்விட்டது. இந்தியாவில் இருந்துகொண்டு அனுப்புகிறவருக்கு ரிசர்வ் வங்கி வரம்பு நிதியாண்டுக்கு ஆளுக்கு 2.5 லட்சம் டாலர், அது போதும், ஆனால் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற முதலீட்டுத் தொகைக்கு 20 சதவீதம் வரியாக வங்கியே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அது கழியும் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. வாங்கிய சொத்தை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று வருஷா வருஷம் காட்டவும் வேண்டும். நிரந்தர அட்டை வாங்கிவிட்டு ஊரிலேயே உட்கார்ந்துகொள்ளவும் முடியாது, தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் பனாமாவை எட்டிப் பார்க்காவிட்டால் உரிமை போய்விடலாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தான், "மரம் எவ்வளவு குடுக்கும், அதச் சொல்லு மாப்பிள்ள" என்றார். இந்த வெயிலுக்கு இரண்டாம் கலைப்பு. விழப்போகிற தடிகள் கப்பல் கூலிக்கே கட்டாது என்று தூத்துக்குடி அண்ணாச்சி போட்டோ பார்த்தே சொல்லிவிட்டார், வேலிக் கம்புக்குக் கேட்கிற பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரரிடம் இப்போது விலை பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் கம்புக்கு இத்தனை என்கிறார், நாங்கள் லோடுக்கு இத்தனை என்கிறோம்.