பரணங்கானத்துக்கு அம்மா வைத்த பொருத்தனை

அக்கா மகளை நடக்கவைத்தே, கேரளாவின் பரணங்கானத்தில் இருக்கிற புனித அல்போன்சாம்மா கல்லறைக்குக் கூட்டி வருகிறேன் என்று அம்மா பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், வைத்தது, பிள்ளை பிறந்த அன்றைக்கே. இரண்டாவதும் பெண். வலது பாதம் உள்பக்கமாக வளைந்து பிறந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தொட்டில் பக்கத்திலேயே நின்று, "பொட்டப்பிள்ளை வேற, காலு வேற இப்படி, நாளைக்கு யாரு கட்டுவா?" என்று பேசினார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விட்டார். அப்புறம் வாரா வாரம் மாவுக்கட்டு, குதிகாலில் சின்ன ஆபரேஷன், வருஷக்கணக்கில் ராத்திரி நேரம் நடுவில் கம்பி வைத்த ஷூ. டாக்டர்களின் கையிலும் ஆண்டவர்தான் இருந்தார் என்று நம்புகிற குடும்பம் நாங்கள். இன்றைக்கு அவள் தெருவில் ஓடினால் பிடிக்க முடியாது.

பரணங்கானத்தில் ஜூலை 19 தொடங்கி 28 வரை திருவிழா. கடைசி நாட்களில் கூட்டம் தாங்காது என்பதால் 22-ஆம் தேதி போவது என்று முடிவு செய்தோம். அன்றைக்கு இயேசுவின் சீடரான மகதலா மரியாவின் திருநாள். அம்மாவுக்கு அதில் தனி சந்தோஷம்.

கம்பத்திலிருந்து குமுளி ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. பீருமேடு தாண்டி எங்கோ மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து, வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பிள்ளைக்கு வாந்தி. அம்மாவுக்கு முழங்கால் மரத்துப்போனது. நேரமாகிக்கொண்டே இருந்தது, பூசைக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. சரி, அன்றைய வாசகத்தையாவது வாசிப்போம் என்று யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை ஜீப்புக்குள்ளேயே சத்தமாக வாசித்தேன்.

எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றைக்கு ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. இயேசுவின் காலியான கல்லறையைப் பார்த்துவிட்டு பேதுருவும் மற்றச் சீடரும் திரும்பிப் போய்விட்டார்கள். மரியா போகவில்லை. வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். உயிர்த்த ஆண்டவர் முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டது அங்கே நின்ற அந்தப் பெண்ணைத்தான். போய்ச் சகோதரர்களிடம் சொல் என்று அனுப்பியதும் அவரைத்தான். பெண்கள் வந்து சொன்னதைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று நினைத்ததாக லூக்கா எழுதுகிறார். ஆண்டவர் அப்படி நினைக்கவில்லையே! அப்பேர்ப்பட்ட மரியாவை, 591-ல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் ஒரு பிரசங்கத்தில் லூக்கா நற்செய்தியின் பாவிப் பெண்ணோடு ஒன்றாக்கிப் பேசியதிலிருந்து, நூற்றாண்டுக் கணக்கில் விலைமாது என்றே சொல்லிவந்தார்கள். நற்செய்தியில் எங்கும் அப்படி இல்லை. 2016-ல்தான் பாப்பரசர் பிரான்சிஸ் அவருடைய நாளைத் திருத்தூதர்களின் நாட்களுக்குச் சமமான விழாவாக உயர்த்தினார். இவ்வளவு காலம் ஆனதே என்று எனக்கு வருத்தம்தான். வந்ததே என்று அம்மாவுக்கு நன்றி.

முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி, ஈராற்றுப்பேட்டை. ஜீப்காரர் பேசிய வாடகைக்கு மேல் கேட்டு, ஈராற்றுப்பேட்டையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். திருவிழாவுக்குப் போகிறவர்கள் மறுக்க மாட்டார்கள் என்ற தைரியம். கொடுத்துத் தொலைத்தோம். கோவில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. கல்லறைக்குப் போகிற வரிசையில் பின்னால் இருந்தவர்கள் குடையால் குத்திக்கொண்டே நெருக்கினார்கள். கைக்குழந்தைக்காரியைக்கூட யாரும் முன்னே விடவில்லை. புனிதரைப் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நிற்கிற தாயைப் பார்க்க வேண்டாமா?

வரிசையில் நின்றபடியே அம்மா பேத்திக்கு அல்போன்சாம்மாவின் கதையைச் சொன்னார். 1910-ல் குடமாளூரில் பிறந்த அன்னக்குட்டி, கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். வளர்த்த பெரியம்மா நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க நினைத்தார். ஆண்டவருக்கே தன்னைக் கொடுத்துவிட்ட பிள்ளை, கல்யாணத்திலிருந்து தப்ப உமி எரிந்துகொண்டிருந்த குழியில் கால்களை இறக்கிவிட்டது. பதின்மூன்று வயசு. யாரு கட்டுவா என்று தொட்டிலடியில் கேட்டார்களே, அந்தப் பேச்சு அப்போது என் காதில் திரும்ப ஒலித்தது. கட்டுவதற்கு ஆள் கிடைப்பதுதான் ஒரு பெண்ணின் விலை என்றால், அந்த விலையைத் தீயில் போட்டவரின் முன்னால் இந்தப் பிள்ளையை நிறுத்தப் போகிறோம். கால் வளைந்து பிறந்த ஒரு குழந்தை குணமானதைத்தான் அவருடைய புனிதர் பட்டத்துக்கான அற்புதமாக ரோமாபுரி ஏற்றது என்பதும் அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அந்த வராந்தாவில் வேறு எந்தப் பேரும் அவர் வாயில் வரவில்லை.

கடைசிப் படிகளில் அக்கா பிள்ளையைத் தூக்கப் போனாள். அம்மா விடவில்லை. "நடந்துதான் வரணும், நான் வாக்குக் கொடுத்திருக்கேன்." ஈரத் தரையில் இரண்டு பாதமும் பரப்பாகப் பதிய, ஒவ்வொரு படியாக ஏறினாள். வலது குதிகாலில் ஆபரேஷன் தழும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கல்லறை முன்னால் போனதும் அம்மா தடாலென்று முழங்காலில் விழுந்துவிட்டார். அந்தக் காலோடு எப்படி விழுந்தார் என்று தெரியவில்லை. "தாயே, கூட்டிட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் குரல் வரவில்லை. பின்னாலிருந்து நகரச் சொல்லிச் சத்தம். பக்கத்தில் சட்டையும் முண்டும் உடுத்திய ஒரு வயதான மலையாளத்து அம்மச்சி, என்ன ஏதென்று கேட்காமலே குனிந்து பிள்ளையின் அந்தக் காலைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். சத்தம் போட்டவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டார்கள். நான் என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. நன்றி, நன்றி என்று மட்டும் வந்தது.

மடத்தில் அல்போன்சாம்மா இருந்த அறையையும் பார்த்தோம். 1927-ல் இந்த ஊர்க் கிளாரா கன்னியர் மடத்துக்கு வந்தவர். வாகக்காட்டில் கொஞ்ச காலம் டீச்சராக இருந்தது தவிர, பெரும்பாலும் நோய்ப் படுக்கைதான். 1946 ஜூலை 28-ல் இறக்கும்போது வயது 35. துறவற சபையும் நிறுவவில்லை, பள்ளியும் கட்டவில்லை. அவருடைய கல்லறையில் முதலில் மெழுகுவர்த்தி ஏற்றியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். 2008 அக்டோபர் 12-ல் இந்தியப் பெண்களில் முதல் புனிதராக உயர்த்தப்பட்டார். எதையும் சாதிக்காத ஒரு நோயாளிப் பெண் என்று உலகம் ஒதுக்கியிருக்கும். திருச்சபை அவரைப் பீடத்தில் வைத்தது. சமையலறையிலும் நோயாளி கட்டிலருகிலும் ஆயுசைக் கழிக்கிற எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை. அம்மா அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். அல்போன்சாம்மா, எங்கள் பிள்ளையை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. பேர் தெரியாத அந்த அம்மச்சிக்கும் நன்றி, மரத்தை வெட்டி வழிவிட்ட ஊர்க்காரர்களுக்கும். குடமாளூரில் அவர் பிறந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்று வரும் வழியிலேயே அம்மா அடுத்த பொருத்தனையை வைத்துவிட்டார். கிறிஸ்துமஸ் லீவில் போகிறோம். மூத்த பேத்தியும் வருவாள்.