பாறை எந்தப் பக்கம் நெருக்குது?

திருச்செங்கோட்டுக்காரன் பாறையில ஓட்டை போட்டுப் பிழைக்கிறான்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. மாமாவோட போர் லாரி ஒடிசா வரைக்கும் போகுது. நான் அதே ஓட்டையை உலோகச் சுரங்கத்துக்குள்ள போடறேன், பாறை எவ்வளவு நெருக்கத்துல இருக்குன்னு பார்க்க.

"ஏனுங் மாப்ளே, ஆயிரம் அடி ஓட்டறோம், கல்லுல குழி அப்படியே நிக்குது. இதுல என்னத்த அளக்கறீங்க?"ன்னு மாமா நோம்பிக்கு வந்தப்ப கேட்டாரு.

நியாயமான கேள்விதான். ஆயிரம் அடின்னா சுமார் 300 மீட்டர். மேல கிடக்கற பாறையோட பாரம் மீட்டருக்கு 0.027 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கற அலகு) வீதம் கூடும். அந்த ஆழத்துல 8 மெகாபாஸ்கல். பக்கவாட்டு நெருக்கமும் அவ்வளவேன்னு வெச்சுக்கிட்டா, குழிச் சுவருல அது ரெண்டு மடங்கு, 16 ஆகும். நல்ல கருங்கல் 100-க்கு மேலயே தாங்கும். ஆனா கோலார் தங்கவயலோட சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழ போனது. அங்க பாரம் மட்டுமே 80-ஐத் தாண்டும். அதை ரெண்டால பெருக்கிப் பாருங்க. அங்க பாறை திடீர் திடீர்னு வெடிச்சுச் சிதறினதுக்கு இந்த ஆழமும் ஒரு காரணம்.

மேல இருந்து வர்ற பாரத்தைக் கணக்குப் போட்டே சொல்லிரலாம். பக்கவாட்டு நெருக்கம்தான் கணக்குக்கு அடங்காது. 1950-கள்ல ஸ்வீடன் சுரங்கங்கள்ல நில்ஸ் ஹாஸ்ட்ங்கற ஆய்வாளர் அளந்து பார்த்தப்ப, பல இடத்துல அது மேல்பாரத்தையே மிஞ்சி நின்னுது.

நாங்க அளக்கறது அழுத்தத்தை இல்லை, அது விலகினதும் பாறை எவ்வளவு விரியுதுங்கறதை. சுரங்கப்பாதை வெட்டினதால கலைஞ்ச பகுதியைத் தாண்டி உள்ள போகணும். பெரிய துளையோட கடைசியில 38 மி.மீ. சின்னத் துளை போட்டு, ஸ்ட்ரெய்ன் கேஜ் (விரிவை அளக்கற சின்ன உணரி) பதிச்ச செல்லுங்கற உருளைக் கருவியைப் பசை வெச்சு ஒட்டுவோம். துளையில தண்ணி கசிஞ்சா பசை பிடிக்காது, அன்னைக்குப் பொழப்பு போச்சு. பசை இறுகினப்புறம், செல்லைச் சுத்திக் குழாயாட்டம் இருக்கற பெரிய வைர பிட்டை ஓட்டினா, நடுவுல நிக்கற கல்லு மத்த பாறையோட பிடியில இருந்து விடுபட்டு விரியும். பத்து லட்சத்துல சில நூறு பங்குதான் விரிவு. அந்தக் கல்லையே வெளிய எடுத்து, எண்ணெய் அழுத்தத்துல அமுக்கி, எவ்வளவுக்கு எவ்வளவு சுருங்குதுன்னு பார்த்தாத்தான் கணக்கு முடியும். ஒரே ஒரு துளையை வெச்சு எழுதின அறிக்கையை நான் நம்பறதில்லை.

நெருக்கம் ரொம்ப அதிகமா இருந்தா கல்லு முழுசாவே வராது, முள்ளங்கி வில்லையாட்டம் உடைஞ்சு உடைஞ்சு வரும். செல்லும் அதோட போயிரும். அங்க அளக்க முடியலைங்கறதே ஒரு தகவல்தான்.

அப்ப வேற வழி, தண்ணி. துளையில ஒரு பகுதியை ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு, பாறை பிளக்கற வரைக்கும் தண்ணியை ஏத்தறது. இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உக்காந்தாரு. வத்தின போர்ல ஊத்து திறக்க இதைத்தான செய்யறாங்க! பம்பை நிறுத்தினதும் பிளவு மூடற அழுத்தம்தான் அந்த இடத்தோட குறைஞ்ச நெருக்கம். பிளவு எந்தத் திசையில ஓடுதோ, அதுக்குக் குறுக்கதான் பாறை லேசாப் பிடிச்சிருக்கு.